பிளாஸ்டிக்குக்கும் பொருத்தம் பார்க்கணும்

ஒரு பிளாஸ்டிக்கைக் காட்டி "சார், இது பயோகம்பாட்டிபிள்" என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, "யாரோட?" என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது. ஒரு முறைப்பு வரும், அவ்வளவுதான் :-)

ஜாதகப் பொருத்தம் பார்க்கிற ஊர் நம்ம ஊர். (நம்பிக்கை இருக்கா இல்லையா என்பது வேற பஞ்சாயத்து, அதுக்குள்ள போகலை.) ஒரே ஒரு ஜாதகத்தைக் கையில் கொடுத்தால் எந்த ஜோசியராவது "பத்துக்கு ஒன்பது பொருத்தம்" என்று சொல்வாரா? ரெண்டு ஜாதகம் வேணும்யா என்பார். பிளாஸ்டிக்குக்கும் அதே கதைதான். உயிரோடு ஒத்துப்போவது ஒரு பொருளுக்குள் தனியா உட்கார்ந்திருக்கும் குணம் இல்லை. எந்த செல், என்ன வேலை, எத்தனை நாள், கூட ஓடுற திரவம் என்ன.. இவ்வளவும் தெரிஞ்சாத்தான் பொருத்தம் சொல்ல முடியும். டேவிட் வில்லியம்ஸ் என்பவர் தொகுத்து 1987-ல் வெளியான வரையறையே கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது: குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டில், உடம்பு அதுக்குத் தகுந்த விதத்தில் எதிர்வினை காட்டணும். 'குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டில்' என்கிற அந்தத் துண்டை எல்லாரும் சௌகரியமா முழுங்கிடறாங்க. என் புகாரே அதுதான்.

நான் விஞ்ஞானி கிடையாது. சின்னசேலம் பக்கத்துக்காரன். பாலிமர் வேதியியல் படிச்சிட்டு பிளாஸ்டிக் மோல்டிங் தொழிலில் காலம் தள்ளுறவன். ஆனா மேற்பரப்பு என்ன பாடு படுத்தும்னு ஷாப் ஃப்ளோரில் தினம் பார்க்கிறேன். அச்சிலிருந்து பொருள் ஒட்டாம வரணும்னு சிலிக்கோன் ஸ்ப்ரே அடிப்போம். கொஞ்சம் கூடப் போச்சுன்னா அந்தப் பொருள் மேல பெயிண்ட் நிற்காது, லேபிள் நிற்காது. உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் அதே பிளாஸ்டிக்தான். கண்ணுக்கே தெரியாத மேல்தோல் மட்டும் மாறியிருக்கும். பெயிண்டுக்கே இந்த வம்புன்னா உயிருள்ள செல்லுக்கு?

(செல்னா போன் இல்லீங்க, உயிரணு. முதல்லயே சொல்லிடறேன்.)

இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?

காரணம் இருக்கு. மனித செல்களைக் கையகலச் சின்ன சிப்புக்குள் வளர்த்து, அதில் மருந்தை ஓடவிட்டு விஷமா இல்லையான்னு பார்க்கிற தொழில்நுட்பம் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்துடுச்சு. 2010-ல் ஹார்வர்டின் வைஸ் நிறுவனத்து ஆட்கள் நுரையீரல் மாதிரி மூச்சு விடுகிற ஒரு சிப்பை வெளியிட்டாங்க. 2022-ல் 870 கல்லீரல் சிப்புகளை வைத்து 27 மருந்துகளைச் சோதித்த ஒரு ஆய்வு வந்தது. மனிதக் கல்லீரலைக் கெடுக்கும் மருந்துகளில் 87 சதவீதத்தை சிப் சரியாக அடையாளம் காட்டியதாக முடிவு. 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தி, விலங்குச் சோதனைக்குப் பதில் இது மாதிரி முறைகளுக்கும் வழி விட்டது. 2023 மார்ச்சில் இந்தியாவும் புதிய மருந்துகள் விதிகளைத் திருத்தி, உறுப்பு சிப், செல் சோதனை எல்லாத்துக்கும் இடம் கொடுத்தது.

நல்ல விஷயம். மனசார வரவேற்கிறேன். ஆனா ஒரு மருந்து பாதுகாப்பானதா இல்லையான்னு ஒரு பிளாஸ்டிக் துண்டு சாட்சி சொல்லப் போகுதுன்னா, அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணணுமா வேணாமா?

எங்க ஊர்க் கதை

விலங்குச் சோதனை மட்டும் ஏன் போதாது என்பதற்கு, கள்ளக்குறிச்சிக்காரனுக்கு வேற ஊர் உதாரணம் தேவையில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம் அரசு ஆஸ்பத்திரிகள், புதுச்சேரி ஜிப்மர் என்று நாலா பக்கமும் ஆம்புலன்ஸ் ஓடியது. அதுக்கு முந்தின வருஷம், 2023 மே மாதம், மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமும் இதே மெத்தனால், இதே சாவு.

மெத்தனால் நேரடியாகக் கொல்வதில்லை. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றும், பிறகு ஃபார்மிக் அமிலமாக மாற்றும். எறும்புக் கடியில் இருக்கே, அதே அமிலம்தான். அது செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியை அடைக்கும். ரத்தம் அமிலமாகும். கண் நரம்பு முதலில் அடிபடும். பார்வை மங்குது, பனி மூட்டமா தெரியுதுன்னு சொல்வது இதனால்தான். சாதாரணச் சாராயத்தில் இருக்கும் எத்தனால், மெத்தனாலை உடைக்கும் அதே நொதியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் விஷம் உருவாவது தள்ளிப் போகும். குடித்தவர் "ஒண்ணுமில்லை, தலைவலிதான்" என்று பல மணி நேரத்தை விட்டுவிடுவார்.

இப்ப எலிக்கு வாங்க. எலியின் கல்லீரலில் ஃபோலேட் சத்து சார்ந்த வழி வேகமாக ஓடும். ஃபார்மிக் அமிலம் சேர்வதற்கு முன்னாடியே எரித்து முடித்துவிடும். ஆகவே சாதாரண எலிக்கு மெத்தனால் கொடுத்தால் மனிதனுக்கு வருகிற மாதிரி ரத்தம் அமிலமாவதும் இல்லை, கண் போவதும் இல்லை. குரங்குக்கு வரும், மனிதனுக்கு வரும். எலியை மட்டும் கேட்டிருந்தால் "மெத்தனாலா, பெருசா ஒண்ணுமில்லையே" என்றிருக்கும். விஷவியல் பாடத்தில் இது ரொம்பப் பழைய உதாரணம். எங்க ஊருக்கு அது பாடமா மட்டும் இல்லை.

அப்ப மனிதக் கல்லீரல் செல், மனிதக் கண் நரம்பு செல் வேணும். சரி, வெச்சுப் பார்ப்போம். எதுல வெக்கிறது? இங்கதான் நம்ம பிளாஸ்டிக் உள்ளே வருது.

செல் பிளாஸ்டிக்கைத் தொடுவதே இல்லை

ஆச்சரியமா இருந்தாலும் உண்மை. செல் மிதக்கும் திரவத்தில் புரதங்கள் இருக்கும். திரவம் பட்ட சில நொடிகளிலேயே அந்தப் புரதங்கள் போய் பிளாஸ்டிக்கில் ஒட்டி ஒரு பாய் விரித்துவிடும். செல் வந்து உட்காருவது அந்தப் பாயின் மேல். பாய் எப்படி விரியும் என்பதைத் தீர்மானிப்பது மேற்பரப்பு. தண்ணீரை விரட்டும் பரப்பில் புரதம் தாறுமாறாக மடங்கி ஒட்டும். செல் பிடித்துக்கொள்ள வேண்டிய கொக்கி உள்ளே மறைந்துவிடும். ஓரளவு தண்ணீரை ஏற்கும் பரப்பில் கொக்கி வெளியே தெரியும்.

ஆய்வகத்தில் ரெண்டு வகை பாலிஸ்டைரீன் தட்டு விற்கிறாங்க. ஒன்று பாக்டீரியா வளர்க்க, இன்னொன்று செல் வளர்க்க. ரெண்டும் ஒரே பிளாஸ்டிக். செல் தட்டின் பரப்பில் மட்டும் பிளாஸ்மாவோ மின்பொறியோ காட்டி ஆக்சிஜன் கொண்ட குழுக்களை ஏற்றியிருப்பார்கள். அதைச் செய்யாத தட்டில், உடம்பிலிருந்து எடுத்த செல்கள் பெரும்பாலும் ஒட்டாமல் உருண்டு திரிஞ்சு செத்துப் போகும். விலையில் உள்ள வித்தியாசம் அந்த மேல்தோலுக்குத்தான்.

ஒட்டிட்டா முடிஞ்சுதா? அதுவும் இல்லை. கல்லீரல் செல் வீம்பு பிடிச்சது. கெட்டியான பிளாஸ்டிக் தட்டில் போட்டால் ஒட்டும், உயிரோட இருக்கும், ஆனா சில நாளில் கல்லீரல் செய்ய வேண்டிய வேலையை மறந்துடும். மருந்தை உடைக்கும் நொதிகள் வற்றிப்போகும். அதே செல்லை ரெண்டு கொலாஜன் படலத்துக்கு நடுவில், நம்ம ஊர் போளி மாதிரி வைத்தால் வாரக்கணக்கில் வேலை செய்யும். "செல் உயிரோட இருக்கு, அதனால பிளாஸ்டிக் பொருத்தம்" என்று சான்று கொடுத்தால் எவ்வளவு பெரிய ஓட்டை பாருங்க. நொதியே வற்றிப்போன கல்லீரல் செல்லுக்கு மெத்தனால் கொடுத்தால் அது ஃபார்மிக் அமிலத்தை உருவாக்கவே உருவாக்காது. மெத்தனால் நல்ல பிள்ளையாகிடும்.

பி.டி.எம்.எஸ். என்கிற செல்லப்பிள்ளை

சிப் செய்ய உலகம் முழுக்க அதிகம் பயன்படும் பொருள் பி.டி.எம்.எஸ். என்கிற சிலிக்கோன் ரப்பர். ஊற்றினால் அச்சு மாதிரி வரும், கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், ஆக்சிஜன் உள்ளே போகும், விலையும் தாங்கும். அதனாலதான் இத்தனை செல்லம். ஆனா அதன் ஜாதகத்தில் மூணு தோஷம் இருக்கு.

1. சொந்தமா அதுக்குத் தண்ணீரே ஆகாது. தாமரை இலை மேல நிற்கிற மாதிரி துளி உருண்டு நிற்கும். பிளாஸ்மா காட்டினால் துளி பரவும். ஆனா உள்ளே இருக்கும் சின்ன சிலிக்கோன் சங்கிலிகள் மெல்ல மேலே ஏறி வந்து, சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் பரப்பு பழைய குணத்துக்குத் திரும்ப ஆரம்பித்துவிடும். திங்கட்கிழமை சோதித்த சிப்பும் வெள்ளிக்கிழமை சோதித்த சிப்பும் செல்லைப் பொறுத்தவரை ஒண்ணு கிடையாது.

2. முழுசா இணையாத சங்கிலிகள் திரவத்தில் கசியும். செல் சவ்வில் அவை போய்ச் சேர்வதையும் பார்த்திருக்காங்க.

3. இதுதான் பெரிய தோஷம். எண்ணெய்க் குணம் உள்ள சின்ன மூலக்கூறுகளை இந்த ரப்பர் ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சும். 2006-லயே இதைச் செய்து காட்டி எழுதிட்டாங்க. நம்ம மருந்துகளில் ஏராளமானவை அந்தக் குணம் உள்ளவை. பத்து பங்கு மருந்து உள்ளே விட்டோம்னு நினைச்சிருப்போம். செல்லுக்குப் போய்ச் சேர்ந்தது ரெண்டு பங்கா இருக்கும், மீதி சுவருக்குள்ள. செல் நல்லாத்தானே இருக்கு, மருந்து பாதுகாப்பானதுன்னு அறிக்கை போயிடும். (பத்து, ரெண்டு என்பது விளக்கத்துக்குச் சொன்னது. மருந்துக்கு மருந்து மாறும்.)

மெத்தனாலுக்கு இதில் தனியா ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீரிலிருந்து ஆல்கஹாலைப் பிரித்தெடுக்கும் சவ்வுகளை எதில் செய்கிறார்கள் தெரியுமா? இதே பி.டி.எம்.எஸ்.ஸில்தான். ஆல்கஹால் அதன் வழியா ஊடுருவி மறுபக்கம் ஆவியாகப் போகும். ஆகவே மெத்தனால் விஷத்தை இந்த ரப்பர் சிப்பில் சோதிக்கிறவர், சோதனை நடக்கும்போதே விஷம் சுவர் வழியா நழுவிப் போகலையான்னு முதல்ல பார்த்தே ஆகணும்.

சிப் புதுசு, பிரச்சினை பழசு

மெத்தனால் குடித்தவரைக் காப்பாற்றும் முக்கிய வழிகளில் ஒன்று டயாலிசிஸ். அந்த உருளைக்குள் என்ன இருக்கு? தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமனான, உள்ளே பொள்ளலான பாலிமர் இழைகள், ஆயிரக்கணக்கில். ரத்தம் அதுக்குள்ள ஓடும். கூட்டிப் பார்த்தால் ஒன்று முதல் ரெண்டு சதுர மீட்டர் பரப்பு. ஒரு கோரைப்பாய் அளவு பிளாஸ்டிக்கில் உங்க ரத்தம் முழுக்க திரும்பத் திரும்ப உரசிட்டு வருது. முந்தைய காலத்துச் செல்லுலோஸ் இழைகளில் ரத்தம் பட்டதும், முதல் அரை மணி நேரத்துக்குள்ள வெள்ளை அணு எண்ணிக்கை சர்ரென்று இறங்கும். அந்தப் பரப்பு நம்ம எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பிவிடுவதுதான் காரணம்னு 1970களில் கண்டுபிடித்தார்கள். அதுக்கப்புறம்தான் பாலிசல்ஃபோன் மாதிரி செயற்கை இழைகள் மேலே வந்தன.

ரத்தப் பையை எடுத்துக்குங்க. பி.வி.சி. பை மெத்தென்று இருக்க டி.இ.எச்.பி. என்றொரு எண்ணெய் சேர்ப்பார்கள். அது ரத்தத்தில் கசியும். பச்சைக் குழந்தைகளுக்கு நல்லதில்லைன்னு எச்சரிக்கை இருக்கு. ஆனா அதே எண்ணெய் சிவப்பணுவின் சவ்வில் போய்ச் சேர்ந்து, அது வாரக்கணக்கில் உடையாமல் இருக்கவும் உதவுது! இந்தப் பிளாஸ்டிக் பொருத்தமா இல்லையா? சேமிப்பில் இருக்கும் சிவப்பணுவைக் கேட்டால் ஒரு பதில், குறைமாதக் குழந்தையைக் கேட்டால் வேற பதில்.

நம்மால இதெல்லாம் ஆகாது, வெள்ளைக்காரன் பார்த்துக்குவான் என்கிறவர்களுக்கு: திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழு செயற்கை இதய வால்வு செய்தபோது முதல் மூன்று மாடல்களும் தேறவில்லை. நாலாவதில், வட்டத் தட்டுக்கு மிக உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீன் என்கிற பிளாஸ்டிக்கை எடுத்து ஜெயித்தார்கள். 1990 டிசம்பர் 6-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். சென்னை டி.டி.கே. குழுமம் தயாரித்து ஆயிரக்கணக்கானவர்கள் நெஞ்சில் அது துடித்தது. எனக்கு அதில் பிடித்தது நாலாவதின் வெற்றியை விட, முதல் மூணும் ஏன் போச்சுன்னு மறைக்காம எழுதி வைத்ததுதான்.

மலையில் இருக்கும் கடுக்காய்

கல்வராயன் மலை என்று கூகிளில் தேடினால் முதலில் வருவது சாராய ஊறல் அழிப்புச் செய்திதான். வெல்லம், மரப்பட்டை, கடுக்காய் போட்ட ஊறலைப் போலீஸ் கொட்டி அழிக்கிற போட்டோ. மேகம் அருவிக்கு ரெண்டாம் இடம்தான். ஒன்றைத் தெளிவா சொல்லணும்: கருணாபுரத்தில் கொன்றது ஆலையிலிருந்து வந்த மெத்தனால். மலையாளிப் பழங்குடி மக்கள் தலையில் அதையும் சேர்த்துக் கட்ட வேண்டாம்.

அந்தக் கடுக்காய்க்கு வேற ஒரு முகம் இருக்கு. அதன் தோலில் டானின் ஏராளம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிட அது பழைய சரக்கு. கலம்காரித் துணியைக் கடுக்காயில் ஊறவைத்து, இரும்புக் கரைசலால் கருப்புக் கோடு இழுப்பார்கள். டானினும் இரும்பும் சேர்ந்தால் கெட்டியாப் பிடித்துக்கொள்ளும். 2013-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஆய்வாளர்கள் இதையே எடுத்து, டானிக் அமிலத்தையும் இரும்பு உப்பையும் கலந்தால் ஏறக்குறைய எந்தப் பரப்பின் மேலும் நொடிகளில் சில நானோமீட்டர் படலம் படியும் என்று காட்டினார்கள். பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் ஏற்கும் மேல்தோல் போட மலிவான வழிகளில் இதுவும் ஒன்று.

உடனே "கடுக்காய் சிப்பு, தமிழன் அன்றே கண்டுபிடித்தான்" என்று கிளம்பிடாதீங்க, ப்ளீஸ் :-) டானின் புரதத்தைப் பிடிக்கும், மருந்தையும் பிடிக்கலாம். தோஷம் ஒண்ணைக் கழிக்கப் போய் இன்னொண்ணு சேரலாம். அதையும் சோதித்துத்தான் சொல்லணும். நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: சோதிக்க வேண்டிய சரக்கு மலையில இருக்கு, சோதிக்க வேண்டிய காரணம் கீழே கருணாபுரத்தில் இருக்கு, 2022-லிருந்து கள்ளக்குறிச்சியில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கு. மூணையும் ஒரே மேசையில் உட்கார வைக்க யாருக்காவது தோணணும்.

என்ன வேணும்னு கேட்டா

ஒண்ணு, செல் சிப்பில் சோதித்தேன்னு மருந்து அனுமதி கேட்டு வர்றவங்க, செல்லே இல்லாத காலி சிப்பில் அதே மருந்தை ஓடவிட்டு, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவுன்னு கணக்குக் காட்டணும். இது கட்டாயமாகணும். பால்காரர் படியை முதல்ல காலியாக் கவிழ்த்துக் காட்டுவாரே, அந்த நாணயம் போதும்.

ரெண்டு, "செல் பிழைத்தது" மட்டும் போதாது. அந்த செல் தன் வேலையைச் செய்ததா, எத்தனை நாள் செய்தது என்பதும் அறிக்கையில் வரணும். ஐ.எஸ்.ஓ. 10993 சான்றிதழைக் காட்டி இந்தக் கேள்வியிலிருந்து நழுவக் கூடாது. உடம்பில் படும் மருத்துவச் சாதனம் உடம்பைக் கெடுக்குதான்னு பார்க்க வந்த தரம் அது. சிப் உண்மை பேசுதான்னு பார்க்க வந்தது இல்லை.

மூணு, மாவட்டக் கல்லூரிகளில் இதைத் தொடங்கலாம். ஒரு பிளாஸ்டிக் மேல தண்ணீர்த் துளி வைத்து, பக்கவாட்டில் செல்போனால் (இப்ப நிஜமாவே போன்தான்) படமெடுத்து, துளியின் கோணத்தை அளந்தால் மேற்பரப்பு பற்றி நிறைய தெரியும். பிளாஸ்மா காட்டாத பி.டி.எம்.எஸ்.ஸில் அது 110 டிகிரி பக்கம் இருக்கும். காட்டினால் மடமடன்னு இறங்கும். தினம் ஒரு படம் எடுத்தா அது மறுபடி ஏறுவதும் தெரியும். கோடிக்கணக்கில் மெஷின் வேண்டாம்.

நாலு, தோற்ற பரப்புகளின் பட்டியல் பொதுவில் இருக்கணும். எந்தப் பூச்சில் எந்த செல் ஒட்டலை, எந்த மருந்து காணாமப் போச்சுன்னு எழுதி வைக்கணும். வெற்றியை மட்டும் பிரசுரித்தால் அடுத்தவன் அதே குழியில் விழுவான். அவன் விழுந்தா பரவாயில்லை, அவன் சொல்றதை நம்பி மாத்திரை முழுங்கப் போறது நம்மில் ஒருத்தர்.

எலி பொய் சொன்னதில்லை. எலி தன் உடம்பைப் பற்றிச் சொன்னதை நாமதான் நம்ம உடம்புன்னு எடுத்துக்கிட்டோம். சிப் விஷயத்திலும் அதையே செய்துடக் கூடாது. நம்ம செல்லை வெச்சிட்டோம்னு திருப்திப்பட்டுக்கிட்டு, அது எது மேல உட்கார்ந்திருக்குன்னு பார்க்காம விட்டுடக் கூடாது.

செல் வளர்ப்பு ஆய்வகங்களில் வேலை பார்க்கும் பதிவர்கள் நம்ம கூட்டத்தில் சிலர் உண்டு என்று தெரியும். உங்க தட்டில் ஒட்டாம உருண்ட செல்களைப் பற்றித் தமிழில் எழுதுங்க சாமி. ஒட்டினதைப் பற்றி அப்புறம் எழுதிக்கலாம்.

டிஸ்கி: பொருத்தம், தோஷம், ஜாதகம் எல்லாம் உவமைக்குத்தான். செவ்வாய் தோஷத்துக்குப் பரிகாரம் கேட்டு யாரும் வந்துடாதீங்க. பி.டி.எம்.எஸ். தோஷத்துக்கு வேணும்னா பேசலாம்.